எழுதியவர்களை அழித்துவிட்டு இறைஏவுதலைக் கற்பிக்க முடியாது: பாடநூல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மறைக்கல்வி, ஞாயிறு பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் குழுவினருக்கும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கும் வணக்கம்.

விவிலியம் எப்படி உருவானது என்ற பாடம், அதாவது கடவுளின் ஆவியார் தூண்ட மனிதர்கள் எழுதினார்கள் என்னும் இறைஏவுதல் பற்றிய பாடம், பல நூல்களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. கடவுள் சொல்லச் சொல்ல மனிதர்கள் எழுதினார்கள் என்று முதல் வாக்கியம். பக்கத்தில் ஒரு படம்: இறகுப் பேனாவோடு ஒருவர், அவர் காதருகே ஒரு புறா. கீழே 2 திமொத்தேயு 3:16: 'மறைநூல் அனைத்தும் கடவுளின் தூண்டுதல் பெற்றது.' அடுத்த பக்கத்தில் நூல்களின் பட்டியல். அவ்வளவில் பாடம் முடிந்துவிடுகிறது. அந்த முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறோம். எடுத்த இடத்தில் எதை வைப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எங்கெங்கே தடுக்கி விழுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பத்து வயதில் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, பதினாறு வயதில் நான்கு நற்செய்திகளையும் அடுத்தடுத்து வாசிக்கும். சிலுவையின் மேல் எழுதி வைத்த குற்ற அறிக்கையைத் தேடிப் பார்க்கும். மாற்கு 15:26-இல் 'யூதரின் அரசன்' என்பது மட்டும் இருக்கும். லூக்கா 23:38-இல் 'இவன்' என்ற சொல் சேர்ந்திருக்கும். மத்தேயு 27:37-இல் இயேசுவின் பெயர் வரும். யோவான் 19:19-இல் நாசரேத்தும் சேர்ந்து வரும். ஒரே பலகை, நான்கு வாசகங்கள். சொல்லச் சொல்ல எழுதியது என்றால் சொன்னவர் ஏன் மாற்றி மாற்றிச் சொன்னார் என்று அது கேட்கும். நீங்கள் கொடுத்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. அப்போது அந்தப் பிள்ளை கைவிடுவது அந்த வாக்கியத்தை மட்டும் என்றால் கவலையில்லை. வாக்கியத்தோடு சேர்த்து நூலையும் மூடி வைத்துவிடுகிறது. எங்களை எழுத வைத்தது இந்த இழப்புதான்.

'நம் சபையின் போதனையே அதுதானே' என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். எந்தச் சபையின் முறையான போதனையும் அதைக் கேட்கவில்லை. கத்தோலிக்கத் தரப்பில், 1546 ஏப்ரல் 8 அன்று ஆயர்களின் பொதுப்பேரவையான திரிதெந்து சங்கம் தன் நான்காம் அமர்வில் 'தூய ஆவியார் சொல்லச் சொல்ல' என்ற நடையைக் கையாண்டது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை அது பயன்படுத்திய இடம் எழுதப்படாத மரபுகளைப் பற்றியது. எழுத்தே இல்லாத ஒன்றைப் பற்றிச் சொன்னதை, பேனா முனைக்குச் சொல் சொல்லாய் இறங்கியது என்று கொள்ள வழியில்லை. 1870 ஏப்ரல் 24 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம், இந்நூல்கள் தூய ஆவியாரின் ஏவுதலால் எழுதப்பட்டு, கடவுளை ஆசிரியராகக் கொண்டிருப்பதால்தான் திருநூல்கள் என்றது. எப்படி ஏவினார் என்ற பொறிமுறைக்குள் அது போகவில்லை. 1965 நவம்பர் 18 அன்று, 2,344 வாக்குகள் ஆதரவாகவும் 6 எதிராகவும் விழ, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்ற இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு இன்னும் தெளிவாகப் பேசியது. கடவுள் மனிதரைத் தேர்ந்தெடுத்தார், அவர்களுடைய ஆற்றல்களையும் திறன்களையும் பயன்படுத்திக்கொண்டார், அவர் விரும்பியவற்றை அவர்கள் உண்மையான ஆசிரியர்களாக எழுதினார்கள் என்று அதன் 11-ஆம் எண் சொல்கிறது.

சீர்திருத்தச் சபைகளில் மிகக் கண்டிப்பான நிலைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விவிலியத்தில் பிழையே இல்லை என்று வலியுறுத்தி 1978-இல் சிகாகோவில் வெளியான தவறாமை அறிக்கையில் 19 கூறுகள் உண்டு. அதன் எட்டாம் கூறு, கடவுள் எழுத்தாளர்களின் தனித்தன்மையையும் நடையையும் பயன்படுத்தினார், அவற்றை மேற்கொண்டு அழிக்கவில்லை என்கிறது. ஏழாம் கூறோ, ஏவுதல் நிகழ்ந்த விதம் பெரும்பாலும் மறைபொருளாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு சொல்லும் கடவுள் தேர்ந்தது என்று வலியுறுத்துகிறவர்களே இவ்வளவு கவனமாகப் பேசும்போது, பாடநூல் அவர்களையும் தாண்டி ஓட வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது? கி.பி. 177-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் அத்தனாகோரசு, குழலூதுபவர் குழலில் ஊதுவதுபோல ஆவியார் இறைவாக்கினரில் ஊதினார் என்றார். அதே நூற்றாண்டில் மொந்தானுவின் இயக்கத்தார் தன்னிலை மறந்து பேசுவதையே இறைவாக்கின் அடையாளமாகக் கொண்டபோது, திருச்சபை எதிர்த்து நின்றது. இறைவாக்கினர் சுயநினைவோடும் அறிவோடும் பேசினார்கள் என்பது அன்றைக்கே எடுத்த நிலைப்பாடு. ஆனாலும் குழலின் படிமம் மனத்தில் தங்கிவிட்டது. அதை முடிவுவரை இழுத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. எபிரேய எழுத்துக்கு மேலும் கீழும் இடப்படும் உயிர்க்குறிகள் பிற்காலத்தவை என்று எபிரேய அறிஞர் லூயி கப்பெல் 1624-இல் எழுதிக் காட்டினார். மசொரேத்தர் எனப்பட்ட யூத அறிஞர்கள் கிறிஸ்துவுக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்து இட்டவை அவை. 1675-இல் சுவிட்சர்லாந்தில் இயற்றிய ஓர் அறிக்கை அதை மறுத்து, அந்தக் குறிகளும், குறைந்தது அவை காட்டும் ஒலியாவது, கடவுளால் ஏவப்பட்டவை என்று சாதித்தது. சில பத்தாண்டுகளில் அந்த அறிக்கை வழக்கொழிந்தது. ஏவுதலை ஒரு பொறிமுறையோடு கட்டிவைத்தால், பொறிமுறை உடையும் நாளில் ஏவுதலும் சேர்ந்து உடைந்ததுபோலத் தோன்றிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருநூல் என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மைச் சுற்றியுள்ள மற்ற மரபுகளிலிருந்தும் நமக்குள் வருகிறது. வேதத்தை விளக்கும் மீமாம்ச மரபினர் வேதத்துக்கு ஆசிரியர் எவருமே இல்லை என்றனர். அபௌருஷேயம் என்பது அதுதான். இஸ்லாமிய நம்பிக்கையில் திருக்குர்ஆன் வானவர் ஜிப்ரீல் வழியாக, ஏறத்தாழ 23 ஆண்டுகளில், இறைவனின் சொல்லாகவே நபிகளுக்கு வஹீயாக (இறைச்செய்தியாக) இறங்கியது. நபி அதன் ஆசிரியர் அல்லர். நம்மாழ்வாரோ இறைவன் தன்னைத் தானே ஆழ்வாரின் வாயால் பாடிக்கொண்டதாகத் திருவாய்மொழியில் சொல்கிறார். ஒவ்வொன்றும் தனக்குள் முழுமையான கொள்கை, மதிப்போடு பேச வேண்டியது. ஆனால் கிறிஸ்தவத் திருநூலின் அமைப்பே வேறு. அதில் கடிதங்கள் இருக்கின்றன, கடிதத்தை எழுதிக்கொடுத்த எழுத்தரின் வணக்கமும் இருக்கிறது (உரோமையர் 16:22, தெர்த்தியு). பிறரின் கொள்கையை இரவல் வாங்கி இந்த நூலுக்குப் போர்த்தினால் இரண்டு மரபுக்கும் அநியாயம் செய்கிறோம்.

இப்போது நூலையே பார்ப்போம். பாடத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டால் எங்கள் பதில் எரேமியா 36. மொத்தம் 32 வசனங்கள். ஏவுதல் பற்றி விவிலியத்தில் இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது எங்கள் கருத்து. யூதாவின் அரசன் யோயாக்கிமின் நான்காம் ஆண்டில், இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சுருளேட்டில் எழுது என்று எரேமியாவுக்குக் கட்டளை வருகிறது. அதற்குள் அவர் பேசத் தொடங்கி 23 ஆண்டுகள் ஆகிவிட்டன (25:3). அவர் சொல்ல, பாரூக்கு மையால் எழுதுகிறார். இந்த அதிகாரத்தில் சொல்லச் சொல்ல எழுதும் காட்சி உண்டு, ஆனால் அது எரேமியாவுக்கும் பாரூக்குக்கும் இடையே நடக்கிறது. மறு ஆண்டு ஒன்பதாம் மாதம், குளிர்கால மாளிகையில் தீச்சட்டி எதிரே அரசன் அமர்ந்திருக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்து முடிந்ததும், எழுத்தரின் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்துத் தீயில் போடுகிறான். அடுத்த பத்திகள், மறுபடியும் கத்தி. முழுச் சுருளும் சாம்பலாகிறது. பிறகு இன்னொரு சுருள். முதல் சுருளில் இருந்தவற்றை எழுதி, அவற்றைப் போன்ற வேறு பல சொற்களும் சேர்க்கப்பட்டன என்று கடைசி வசனம் முடிகிறது.

எந்தச் சுருள் ஏவப்பட்டது என்று மாணவர்களைக் கேளுங்கள். எரிந்ததா, கூடுதல் சேர்த்து எழுதியதா? இரண்டும்தான் என்று அவர்களே வந்து சேர்வார்கள். கடவுளின் சொல் நினைவு, மறுபடி எழுதுதல், விரிவாக்கல் இவற்றின் ஊடாக வர முடியும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். பிறகு மூத்த மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். எரேமியா நூலின் பழைய கிரேக்க வடிவம் எபிரேய வடிவத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறுகியது. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த எபிரேயத் துண்டுகளில் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போவதும் உண்டு, நீண்ட வடிவத்தோடு ஒத்துப்போவதும் உண்டு. 36-ஆம் அதிகாரத்தை ஊன்றி வாசித்த மாணவருக்கு இது அதிர்ச்சியாக இருக்காது.

அடுத்து 1 கொரிந்தியர் 1:14-16. மூன்றே வசனங்கள். கிறிஸ்பு, காயு இவர்களைத் தவிர உங்களில் வேறு எவருக்கும் நான் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்று பவுல் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார். உடனே நினைவு வந்து, ஸ்தேவனா வீட்டாருக்கும் கொடுத்தேன் என்கிறார். அதன் பிறகு, வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார். முதலில் சொன்னதை அழித்து எழுதவில்லை. திருத்தமும் அப்படியே ஏட்டில் நிற்கிறது. எல்லாம் அறிந்த கடவுள் சொல்லச் சொல்ல எழுதினார் என்ற கொள்கையால் இந்த மூன்று வசனங்களைத் தாண்ட முடியாது. கடவுளின் ஆவியார் பவுல் என்ற மனிதரை, அவருடைய மறதியோடும் அவசரத்தோடும், தம் பணிக்கு எடுத்துக்கொண்டார் என்றால் வசனங்கள் தாமாகவே பேசும்.

லூக்கா 1:1-4-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமக்கு முன் பலர் எழுதியிருப்பதை லூக்கா குறிப்பிடுகிறார். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கவனமாக ஆய்ந்து, ஒழுங்குபடுத்தி எழுதுவதாகச் சொல்கிறார். எனக்கு ஒரு குரல் கேட்டது என்று அவர் சொல்லவில்லை. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் திருநூல் தொகுப்பில் உள்ள 2 மக்கபேயர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. சிரேனே ஊர் யாசோன் எழுதிய ஐந்து தொகுதிகளை ஒன்றாகச் சுருக்கியதாகவும், அதற்கு வியர்வையும் உறக்கம் இழந்த இரவுகளும் தேவைப்பட்டன என்றும் இரண்டாம் அதிகாரத்தில் அதன் ஆசிரியர் எழுதுகிறார். கடைசியில், நன்றாக அமைந்திருந்தால் அதுவே என் விருப்பம், சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று விடைபெறுகிறார் (15:38). இந்த அடக்கமும் ஏவுதலுக்குள் அடங்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்கு ஏவுதல் என்பது கவிஞருக்கு வரும் உள்ளொளி, கொஞ்சம் கூடுதலாக. அல்லது மனிதர் எழுதியதைச் சபை பிற்பாடு அங்கீகரித்தது. இந்த இரண்டாவது கருத்தை 1870-இல் சங்கம் பெயர் சொல்லாமல் ஆனால் தெளிவாக விலக்கியது. மனித முயற்சியால் மட்டும் உருவாகி, பிறகு சபையின் அதிகாரத்தால் ஏற்கப்பட்டதால் இவை திருநூல்கள் ஆகவில்லை என்றது. தவறின்றி வெளிப்பாட்டைக் கொண்டிருப்பதால் மட்டும் ஆகிவிடவில்லை என்றும் சேர்த்தது. கடவுள் ஆசிரியர் என்ற சொல்லை விட்டுவிட்டால் விவிலியம் ஒரு பழம்பெரும் இலக்கியத் தொகுப்பு. அதை வழிபாட்டில் எழுந்து நின்று கேட்க எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது விபத்து, பாதிக்குப் பாதி பங்கிடுவது. 'கருத்து கடவுளுடையது, சொல் மனிதருடையது' என்று ஆசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல் இல்லாத கருத்தை எந்த எழுத்தாளரும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. பவுலின் சொற்களை நீக்கிவிட்டால் பவுலின் கருத்தும் இல்லை. வேறு சிலர், கோட்பாட்டு வசனங்கள் ஏவப்பட்டவை, சில்லறைச் செய்திகள் அல்ல என்று பிரிக்கப் பார்த்தார்கள். 1884-இல் ஜான் ஹென்றி நியூமன், போகிற போக்கில் சொன்ன சிறு குறிப்புகளுக்கு விலக்கு இருக்கலாமா என்று கேட்டபோது காட்டிய எடுத்துக்காட்டுகளில் துரோவாவில் விட்டுவந்த பவுலின் மேலுடையும் ஒன்று. 1893-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, ஏவுதலைச் சில பகுதிகளுக்கு மட்டும் சுருக்கும் வழியை அடைத்துவிட்டார். அந்த மேலுடை 2 திமொத்தேயு 4:13-இல் வருகிறது. மறைநூல் அனைத்தும் கடவுளின் தூண்டுதல் பெற்றது என்று 3:16-இல் சொல்லும் அதே மடல்தான், வரும்போது மேலுடையையும் தோல்சுருள்களையும் கொண்டுவா என்று கேட்கிறது. இரண்டு வசனங்களையும் ஒரே பாடத்தில் வாசிக்க வையுங்கள்.

எப்படிச் சொல்வது? தாமஸ் அக்குவினாஸ் வழிவந்த விளக்கம் இன்னும் பயன்படுகிறது: கடவுள் முதன்மைக் காரணர், மனிதர் கருவிக் காரணர். கருவி தன் இயல்போடுதான் வேலை செய்யும். அறிவும் விருப்பமும் உள்ள மனிதர் கருவியாகும்போது, அறிவோடும் விருப்பத்தோடும்தான் செயல்படுவார். கடவுளின் செயலும் மனிதரின் செயலும் ஒரே தளத்தில் இடத்துக்குப் போட்டி போடுவதில்லை. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. முழு வசனமும் கடவுளுடையது, முழு வசனமும் மாற்குடையது. சிறு பிள்ளைகளுக்கு, 'கடவுளின் ஆவியார் உள்ளிருந்து வழிநடத்த, மனிதர்கள் தங்கள் மொழியில், தங்கள் நினைவில் இருந்ததையும் கேட்டு அறிந்ததையும் எழுதினார்கள்' என்பது போதும். இந்த வாக்கியம் நீளம்தான். ஆனால் பதினாறு வயதில் இதைத் திரும்பப் பெற வேண்டியிருக்காது.

இனி முரண்பாடுகள். இங்கேதான் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று நின்று பேசுகிறோம்.

ஏறத்தாழ கி.பி. 405-இல் அகுஸ்தீன் ஜெரோமுக்கு எழுதிய மடலில் தாம் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறார். திருநூலில் உண்மைக்கு மாறானதுபோல ஏதேனும் எதிர்ப்பட்டால், கையெழுத்துப் படி பிழையாக இருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது எனக்குத்தான் புரியவில்லை. இந்த மூன்று படிகளையும் இதே வரிசையில் வகுப்பில் பயன்படுத்தலாம். நான்காவதாக ஒன்றை 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வலியுறுத்தினார்: இந்தப் பகுதி எந்த இலக்கிய வகை என்று கேளுங்கள். கவிதையா, வம்சவரிசையா, உவமையா, போர்க்கதையா?

மாற்கு 2:26-ஐ எடுத்துச் செய்து பார்ப்போம். அபியத்தார் தலைமைக் குருவாய் இருந்தபோது தாவீது இறை இல்லத்துக்குள் போய் அர்ப்பண அப்பங்களை உண்டார் என்கிறது அது. 1 சாமுவேல் 21-இல் அந்தக் குருவின் பெயர் அகிமெலக்கு. அபியத்தார் அவருடைய மகன். முதல் படி, கையெழுத்துப் படிகள்: அந்தத் தொடரை விட்டுவிட்ட படிகள் சில உண்டு, ஆனால் சிறந்த சாட்சிகளில் அது இருக்கிறது. இடைஞ்சலாக இருந்ததால் எடுத்தவர்கள் எடுத்திருக்கலாமே தவிர, இல்லாததைச் சேர்த்திருப்பார்கள் என்பது பொருந்தாது. இரண்டாம் படி, கிரேக்கத் தொடரை 'அபியத்தார் பற்றிய பகுதியில்' என்று கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. முடியாதது அல்ல, இயல்பானதும் அல்ல. மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது குருவின் பெயரையே விட்டுவிடுகிறார்கள். ஆக, மாற்கு பெயரை மாற்றி எழுதினார் என்பதே எளிய வாசிப்பு. 1964 அக்டோபர் 2 அன்று வியன்னாவின் கர்தினால் பிரான்ஸ் கோனிக் இரண்டாம் வத்திக்கான் சங்கக் கூடத்தில் எழுந்து, இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். விவிலிய ஆசிரியர்களின் அறிவுக்கு எல்லை இருந்தது என்பதை ஒளிக்க வேண்டாம் என்பது அவர் வாதம். மாற்கு அந்தப் பகுதியில் அறிவிப்பது ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்பதை. குருவின் பெயர் எதுவாக இருந்தாலும் அந்த அறிவிப்பு அசையாது.

அடுத்த ஆண்டு வந்த கொள்கைத் திரட்டின் சொற்களை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். வரைவில் 'மீட்புக்குரிய உண்மை' என்று இருந்தது. அப்படி விட்டால் மீட்பைப் பற்றிய வசனங்கள் மட்டும் உண்மை, மற்றவை எப்படியோ போகட்டும் என்று பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. இறுதி வடிவம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை இந்நூல்கள் உறுதியாகவும் தவறின்றியும் கற்பிக்கின்றன என்று ஆயிற்று. எந்த வசனம் தேறும், எந்த வசனம் தேறாது என்று சல்லடை போட அது இடம் தரவில்லை. ஒவ்வொரு வசனத்திடமும் எந்தக் கேள்வியோடு போக வேண்டும் என்று சொல்லித்தருகிறது. உங்கள் ஆசிரியர் கையேட்டில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். இதை விட்டுவிட்ட கையேடுகளால் நிறையக் குழப்பம் வருகிறது.

மாற்கு பெயரை மாற்றினார் என்று சொல்ல மனம் ஒப்பாத சபையினரும் இருக்கிறார்கள். அவர்கள், இதற்கு நிறைவான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்தலாம். அது நேர்மையான பதில். செய்யக் கூடாதது ஒன்றுண்டு: இணைப்பதற்காகப் புதிய நிகழ்ச்சிகளை உண்டாக்குவது. பேதுரு மறுதலித்த காட்சிகளை நான்கு நற்செய்திகளிலிருந்தும் ஒட்டிப் பார்த்து, அவர் ஆறு முறை மறுதலித்தார் என்று கணக்குக் காட்டியவர்கள் உண்டு. நான்கில் ஒரு நற்செய்தியும் ஆறு என்று சொல்லவில்லை. தவறில்லாத நூலைக் காப்பாற்றப் போய், நூலில் இல்லாத ஐந்தாம் நற்செய்தியை எழுதிவிட்டார்கள். ஆசிரியர்களுக்கு இதை ஒரு விதியாகவே கொடுக்கலாம்: உங்கள் விளக்கம் எந்த ஆசிரியரும் சொல்லாத நிகழ்ச்சியைக் கேட்குமானால் அந்த விளக்கத்தை விட்டுவிடுங்கள்.

முரண்பாட்டைவிடக் கேடு செய்வது ஒன்று இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. ஏவப்பட்ட நூலில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் கடவுள் நமக்குச் சொல்லும் வாக்குறுதி என்று எடுத்துக்கொள்வது. 'உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்' என்ற யோபு 8:7 வாக்குத்தத்த வசனமாக எவ்வளவு பேருக்குப் பழக்கம்! அதைச் சொல்பவர் பில்தாது. பிள்ளைகளை இழந்து உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்தார்கள் என்று மூன்று வசனங்களுக்கு முன்னால் சொன்ன அதே ஆள். 42:7-இல் ஆண்டவர் எலிப்பாசை அழைத்து, நீயும் உன் நண்பர் இருவரும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று சினக்கிறார். அதாவது, ஏவப்பட்ட ஒரு நூல், தன் பக்கங்களில் கணிசமான பகுதியைக் கடவுளே மறுத்துவிட்ட பேச்சுகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஏவுதல் நூலுக்கு உரியது. அந்த நூலுக்குள் பேசும் ஒவ்வொரு பாத்திரத்தின் கூற்றுக்கும் அது முத்திரை குத்துவதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு, மறைக்க வேண்டாம்: எலிப்பாசின் சொல் ஒன்றை (5:13) பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் மேற்கோள் காட்டுகிறார். ஆகவே நண்பர்கள் சொன்ன எல்லாமே பொய் என்று வெட்டித் தள்ளவும் முடியாது. பொது உண்மைகளைத் தவறான மனிதரிடம், தவறான நேரத்தில் சொன்னதுதான் அவர்கள் குற்றம் என்று வாசிக்க இடமிருக்கிறது. இந்த ஒரு நூலைக் கொண்டே, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு ஊட்டிவிடலாம். திருப்பாடல் 137:9 போன்ற கொடூரமான வரிகளுக்கு வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அங்கே பேசுவது நாடு கடத்தப்பட்டவர்களின் வெந்த மனம். அதை இறைவேண்டலாக ஏட்டில் காத்துவைத்தது ஆவியாரின் செயல். குழந்தைகளைப் பாறையில் மோதச் சொன்னது ஆவியாரின் கட்டளை அன்று.

எந்தப் பாடம், அதாவது நூலின் எந்த வாசக வடிவம், ஏவப்பட்டது என்ற கேள்விக்கும் உயர்வகுப்பில் இடம் கொடுங்கள். 1 சாமுவேல் 17:4-இல் கோலியாத்தின் உயரம் மரபான எபிரேயப் பாடத்தில் ஆறு முழம் ஒரு சாண், ஏறத்தாழ 2.9 மீட்டர். பழைய கிரேக்கப் படிகளிலும் கும்ரான் சுருளிலும் நான்கு முழம் ஒரு சாண், ஏறத்தாழ 2 மீட்டர். அதே நூலில் 13:1-இல் சவுல் அரசனானபோது அவனுடைய வயதைக் காட்டும் எண்ணே எபிரேயப் பாடத்தில் விடுபட்டிருக்கிறது. மூலப்படிகள் நம் கையில் இல்லை. இருக்கும் ஆயிரக்கணக்கான படிகளை ஒப்பிட்டுத்தான் வாசிக்கிறோம். பெரும்பாலான வேறுபாடுகள் எழுத்துப்பிழை, சொல்வரிசை போன்றவை. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை போன்ற சில இடங்களே பெரியவை. இவற்றுக்கு விவிலியப் பதிப்புகளே அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ போட்டிருக்கின்றன. ஆசிரியர் அந்த அடிக்குறிப்பைத் தாமே முதலில் காட்ட வேண்டும். வேறு எவரோ வந்து, இதை உன்னிடம் மறைத்தார்கள் என்று காட்டும் நிலை வரக் கூடாது.

பாட அமைப்புக்கு எங்கள் பரிந்துரை இது. மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். முதல் அமர்வில் வரையறை எதுவும் வேண்டாம். எரேமியா 36-ஐ முழுதாக உரக்க வாசியுங்கள், பிறகு லூக்காவின் நான்கு வசனங்களும் பவுலின் மூன்று வசனங்களும். எழுதியவர் என்ன உழைப்புப் போட்டார், கடவுள் எங்கே செயல்படுகிறார் என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டாம் அமர்வில் சிலுவைப் பலகையின் நான்கு வாசகங்களை மாணவர்களே எழுதி அடுக்கட்டும், அதோடு பில்தாதின் வசனம். மூன்றாம் அமர்வில்தான் உங்கள் சபையின் வரையறையும் 2 திமொத்தேயுவும். அந்த வசனம் பேசுவது திமொத்தேயு சிறுவயதிலிருந்து அறிந்த மறைநூலைப் பற்றி (3:15) என்பதை அங்கே சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடி ஒரே பட்டியலாக அத்தனாசியு எழுதியது 367-இல்தான். நூல் தன்னைத் தானே ஒரு வசனத்தால் நிரூபித்துக்கொள்கிறது என்ற வட்ட வாதத்தில் விழாமல் இருக்க இது உதவும். வரையறையை முதல் அமர்வுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் கெடும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு வாசிக்கும் ஒவ்வொரு பகுதியையும் அதற்குள் திணிக்கப் பார்ப்பார்கள்.

படத்தையும் மாற்றுங்கள். கரவாஜ்ஜோ 1602-இல் வானதூதர் மத்தேயுவின் கையைப் பிடித்து எழுதவைப்பதாக வரைந்த முதல் ஓவியம் ஏற்கப்படவில்லை. அவர் மறுபடி வரைந்ததில் மத்தேயு தாமே பேனாவைப் பிடித்திருக்கிறார், வானதூதர் மேலே இருந்து விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார். உரோமையில் இன்றும் இருப்பது இந்த இரண்டாவது. அதைப் போடலாம், இல்லாவிட்டால் பாரூக்கின் மைக்கூடும் சுருளும் போதும்.

கடைசியாகத் தேர்வு. 'விவிலியத்தின் ஆசிரியர் யார்?' என்று கேட்டு, 'கடவுள்' என்ற ஒரு சொல்லுக்கு மதிப்பெண் போடும் வினாவை நீக்குங்கள். 1 கொரிந்தியர் 1:14-16-ஐ முழுதாக அச்சிட்டு, 'இந்த மூன்று வசனங்களைக் கடவுளின் வார்த்தை என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். பவுல் மறந்ததை மறைத்து எழுதிய விடைக்கும், ஆவியாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத விடைக்கும் இரண்டரைக்கு மேல் கொடுக்க வேண்டாம். திருத்துபவர்களுக்கான குறிப்பில் இதை எழுதிவையுங்கள். அவர்களில் பலரும் பழைய பாடநூலில் படித்தவர்கள்.

இப்படிக்கு,
விவிலியம் கற்பிக்கும் பணியில் இருப்போர் சிலர்